பிரிக்காத தாம்பூலம்

காவேரிக்கரை அடுக்ககத்தில் வடிவாம்பாளுக்குத் தெரியாமல் ஒரு வீட்டிலும் குழம்பு கொதித்ததில்லை. தரைத்தளத்தில், லிஃப்டுக்கு நேர் எதிரே அவள் வீடு. யார் எந்த மாடிக்குப் போகிறார்கள், கையில் என்ன பை, முகத்தில் என்ன கோபம் என்பதெல்லாம் காய் நறுக்கும் இடத்திலிருந்தே தெரிந்துவிடும். இதற்காகவே அந்த வீட்டை வாங்கினாள் என்று சொல்பவர்கள் உண்டு. அது அபாண்டம். வீடு வாங்கிய பிறகுதான் லிஃப்டே வந்தது. அதை அங்கேதான் வைக்க வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டது மட்டும்தான் அவள் செய்தது.

அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டில் நடந்தது கடைசியாகத்தான் தெரிந்தது.

நவராத்திரி பாதி கடந்திருந்தது. அன்று காலை கொலுப்படிக்கு முன்னால் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவள், கட்டிலில் கணவர் தாயுமானவன் படுத்திருந்த விதத்தைப் பார்த்து நின்றாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி அதன் இடத்தில்தான் இருந்தது. அதற்குக் காற்று ஊதும் இயந்திரமும் தலைமாட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊதலில்தான் உயிரில்லை.

"செல்லி! அவருக்குக் காத்தைக் கூட்டு!"

செல்லி என்பது வீட்டுப்பெட்டி. எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது. விளக்கு, கதவு, தண்ணீர், அடுப்பு எல்லாம் அதன் பொறுப்பு. இந்த வீட்டில் கூடுதலாக ஒரு மனிதரும் அதன் பொறுப்பு. பொன்மலை ரயில்வே பணிமனையில் காலமெல்லாம் புகையும் தூசியும் குடித்த தாயுமானவனின் நுரையீரல், ஓய்வு பெற்ற பிறகு தானும் ஓய்வு கேட்டது. விழித்திருக்கும்போது ஒரே சீரான ஊதலோடு சமாளித்துக்கொள்வார். தூங்கினால் மூச்சு தேயும். செல்லி அதைக் காது கொடுத்துக் கேட்டபடி இருந்து, "இன்னும் கொஞ்சம் ஊது" என்று இயந்திரத்துக்குச் சொல்லும்.

செல்லி பதில் சொல்லவில்லை. வடிவு அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். இன்னொரு தடவை உலுக்கினாள். அவர் திடுக்கிட்டு விழித்து, தானே இழுத்து மூச்சு விட்டு, மெல்ல நிறம் திரும்பினார். அதற்கப்புறம்தான் செல்லி சாவகாசமாகப் பேசியது.

"சொல்லுங்க வடிவம்மா."

"எங்கடி போயிருந்தே?"

"தாம்பூலம் கொடுத்துக்கிட்டு இருந்தேன் வடிவம்மா."

ஐந்தாம் மாடி நிரஞ்சனாவை வடிவு கூப்பிட்டது அப்போதுதான். அந்தப் பெண்ணைப் பற்றி வடிவிடம் ஏற்கெனவே நிறையச் சரக்கு இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை, கல்யாணப் பேச்சை எடுத்தால் தலைவலி, ஞாயிற்றுக்கிழமை தனியாள் வீட்டுக்கு இரண்டு பிரியாணி. இயந்திரங்களுக்குள் திருடர்கள் நுழையாமல் காவல் காப்பதுதான் அவள் தொழில் என்பது மட்டும் இதுவரை வடிவுக்குச் சுவாரசியப்பட்டதில்லை.

நிரஞ்சனா செல்லியின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடிக்கணினியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"புழு ஆன்ட்டி. காலையிலேர்ந்து எங்க வீட்டுலயும் இதே கதைதான். மூணாவது மாடியில ஒருத்தர் வீட்டுக் கதவே திறக்கல. லிஃப்டு நடுவுல நிக்குது."

"வைரஸா?"

"இல்ல. வைரஸ்னா யாராவது பிரிக்கணும். ஒரு படத்தையோ எதையோ நாம திறந்தாத்தான் அது எழுந்திருக்கும். புழுவுக்கு அந்த உபகாரமே வேண்டாம். தானா ஊர்ந்து வரும். தன்னை மாதிரியே இன்னொண்ணைச் செஞ்சு அடுத்த வீட்டுக்கு அனுப்பிடும். அது அதுக்கடுத்த வீட்டுக்கு அனுப்பும்."

"எதைத் திருடுது?"

"எதையும் திருடல. ஊர் சுத்துறதைத் தவிர அதுக்கு வேற வேலையே இல்ல. அதுதான் ஆபத்து. ஒவ்வொரு பெட்டியும் எல்லா வீட்டு வாசலையும் ஓயாமத் தட்டிக்கிட்டே இருக்கு. அதுலயே அதுக்குப் பொழுது சரியாப் போயிடுது. சொந்த வீட்டைக் கவனிக்க நேரமில்ல."

தாயுமானவன் முகமூடிக்குள் சிரித்தார். சிரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார்.

"அவ பெட்டியைச் சொல்றா," என்றாள் வடிவு.

புழு எந்த வழியாக வந்தது என்பதுதான் கூத்து. கொலுவுக்கு வருகிற யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணி வைத்துத் தர வேண்டும். அந்தத் துணியை யாரும் தைத்துப் போட்டுக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. மடிப்புக் கலையாமல் அடுத்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்குப் போய், ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டிகள் வந்தபோது தாம்பூலமும் பெட்டிக்குள் போனது. பாட்டு, படம், சுண்டல் செய்முறை என்று ஏதாவது வைத்து, மேலே பெயரட்டை ஒட்டி, பெட்டி பெட்டிக்கு அனுப்பும். வந்தால் நம்மிடம் கேட்கும்: "பிரிக்கட்டுமா, வைக்கட்டுமா, யாருக்காவது கொடுக்கட்டுமா?" இந்த மூன்றாவது கேள்வி மற்ற ஊர்ப் பெட்டிகளுக்குக் கிடையாது. நம் பக்கத்துப் பெண்கள் எழுதிப் போட்டுக் கேட்டு வாங்கியது. கொடு என்றால் போதும். பெட்டி பழைய பெயரை அழித்து நம் பெயரை எழுதி, நாமே பார்த்துப் பார்த்துச் செய்தது போல அனுப்பிவிடும்.

"பிரிச்சாத்தான் காவல் நிரல் உள்ள பார்க்கும்," என்றாள் நிரஞ்சனா. "இங்க யாருமே பிரிக்கல. புழு உள்ளயும் இல்ல. பெயரட்டையில இருக்கு. பேரை அழிச்சு எழுதப் பெட்டி அதைத் தொடணுமே, அந்த ஒரு தொடலே அதுக்குப் போதும்."

"எவன்மா இதைச் செஞ்சது?"

"எவனோ, எங்கேயோ. அவனுக்கு நம்ம அடுக்ககம் இருக்கிறதே தெரியாது."

நிரஞ்சனா இயந்திரத்துக்கும் செல்லிக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்தாள். இனி இயந்திரம் ஒரே சீராக ஊதும். விழித்திருப்பவருக்கு அது போதும். தூங்குபவருக்குப் போதாது.

"அங்கிள் தூங்கக் கூடாது," என்றாள்.

வடிவு ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். ஊர் முழுக்க இதே புகார், கட்டில் காலியில்லை, வேறு இயந்திரமும் நாளைக்குத்தான் என்றார்கள். தாயுமானவனுக்கு இரவெல்லாம் சரியான மூச்சில்லை. இப்போதே கண் சொருகியது.

"பெட்டியை அழிச்சுப் புதுசாப் போட முடியாதா?"

"போடலாம். பக்கத்து வீட்டுப் புழு மறு நிமிஷம் திரும்ப வந்துடும். இதுக்கு மருந்தும் ஒரு புழுதான் ஆன்ட்டி. மதியத்துக்குள்ள நான் எழுதிடுவேன். அனுப்ப வழிதான் இல்ல. இது உள்ள வந்ததும் வீட்டோட மத்தக் கதவையெல்லாம் சாத்திடுது. எந்த வீட்டுல இருந்து வந்துச்சோ அந்த ஒரு கதவை மட்டும் திறந்து வச்சிருக்கு, எசமான் அது வழியாப் புது உத்தரவு அனுப்புவான்னு. அதனால மருந்தையும் முதல் வீட்டுலதான் விடணும். புழு போன வழியிலயே அது ஒவ்வொரு வீடாப் போய்ச் சேரும்."

"முதல் வீடு எது?"

"பெட்டிக்குத் தெரியாது. பேரைத்தான் அழிச்சுடுதே. மனுஷங்களுக்குத் தெரியும். யார் குடுத்ததை யாருக்குத் தள்ளினோம்னு வாயால சொன்னது அவங்கதானே. குரூப்ல கேட்டேன். எல்லாரும் கும்பிடுற கை போடுறாங்க, பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"எப்படிச் சொல்லுவாளுங்க? அடுத்தவ குடுத்ததைப் பிரிக்காம இன்னொருத்திக்குத் தள்ளினேன்னு எவ ஒத்துப்பா?"

நிரஞ்சனா தயங்கினாள். "இன்னொண்ணு ஆன்ட்டி. கேக்காம அடுத்தவங்க பெட்டிக்குள்ள மருந்தை விட்டா, புழு செஞ்ச அதே வேலையைத்தான் நானும் செஞ்சதா ஆகும். சம்மதம் வேணும்."

வடிவு முந்தானையை இழுத்துச் செருகினாள். "நீ எழுது. ரெண்டையும் நான் கேட்டுக்கிட்டு வர்றேன். ஏங்க, கண்ணை மூடினீங்க, அவ்வளவுதான் சொல்லிட்டேன்."

தாயுமானவன் கையைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவள் படியேறிவிட்டாள். முப்பத்தைந்து வருடமாக அந்தக் கை பாதியில்தான் நின்றிருக்கிறது.

வடிவின் வீட்டு வாசலை அதிகம் தட்டியது சங்கத் தலைவர் மனைவி பங்கஜத்தின் பெட்டி. அதனால் முதலில் இரண்டாம் மாடி. பங்கஜம் சிவப்புப் பட்டுப்புடவையில் இருந்தாள். காலையிலேயே பட்டு கட்டுகிறவள் அடுக்ககத்தில் அவள் ஒருத்திதான்.

"உங்க தாம்பூலம் வந்துச்சு பங்கஜம். என்ன வச்சிருந்தீங்க?"

"நானே பாடின பாட்டு. கொலுவுக்குன்னு பதிஞ்சது," என்றாள் பங்கஜம். குரல் கரகரத்தது.

"தொண்டை கட்டிப் பத்து நாளா ஆடாதொடைக் கஷாயம் குடிக்கிறீங்க. பேப்பர்காரன்கிட்ட கையைக் காட்டித்தான் பேசுறீங்க. இதுல எந்த நேரத்துல பாடினீங்க?"

பங்கஜத்தின் முகம் பட்டுப்புடவையின் நிறத்துக்கு வந்தது.

"என் பெட்டி என்னவோ செய்யுது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"அவர் தூங்கினா மூச்சு நின்னுடும் பங்கஜம். கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். யார் குடுத்தாங்கன்னு சொல்லுங்க. மருந்து வந்தா உங்க பெட்டி வாங்கிக்கலாமான்னும் சொல்லுங்க. வேற எதுவும் நான் கேக்க வரல."

வேறு எதுவும் கேட்காத வடிவைப் பங்கஜம் அதற்கு முன் பார்த்ததில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

"ஸ்டெல்லா டீச்சர்," என்றாள் மெதுவாக. "அவங்க எவ்வளவு அழகா எழுதி அனுப்பியிருந்தாங்களோ. நான் பார்க்கக்கூட இல்ல. அவங்ககிட்ட சொல்லாதீங்க. மருந்து வரட்டும்."

முதல் மாடி ஸ்டெல்லா டீச்சர் கதவைத் திறந்த வேகத்திலேயே ஒப்புக்கொண்டாள். "ஆமா, தள்ளிவிட்டேன். கிறிஸ்மஸ் கேக்கையே அப்படித் தள்ளுறவ நான், தாம்பூலம் என்ன பெரிய விஷயம்?" என்று சிரித்தாள். யார் கொடுத்தது என்றதும் சிரிப்பு நின்றது. "அது மட்டும் கேக்காதீங்க. அந்தப் பொண்ணு ஆசையா முதமுறையா அனுப்பினது. நான் தொடவே இல்லேன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடும்."

"டீச்சர், உங்க மனசு எனக்குப் புரியுது. எங்க வீட்டு ஆளு ஏற்கெனவே பாதி உடைஞ்சு கிடக்கார்."

டீச்சர் கொஞ்ச நேரம் சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு விரலால் மேலே காட்டினாள். நான்காம் மாடி, மெஹருன்னிசா.

லிஃப்டு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. வடிவு முழங்காலைத் திட்டியபடி படியேறினாள். மெஹர் போன வருடம்தான் கல்யாணமாகி வந்தவள். எல்லார் கொலுவுக்கும் வருவாள், சுண்டலை ருசித்துச் சாப்பிட்டு அளவு கேட்பாள். அவள் கேட்டதை எல்லாம் வடிவு பிறகு சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள், பல வீடுகளில்.

வடிவு விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை மெஹர் வாசலை விட்டு நகரவில்லை.

"எனக்கு யார் குடுத்தாங்கன்னு தெரியும். ஆனா உங்ககிட்ட சொல்ல மாட்டேன்கா."

"ஏம்மா?"

"உங்ககிட்ட சொன்னா சாயந்திரத்துக்குள்ள எல்லா மாடிக்கும் போயிடும். போன வருஷம் சுண்டலுக்குத் தேங்காயை எப்பப் போடணும்னு உங்ககிட்டதான் கேட்டேன். மறுநாள் லிஃப்டுல ரெண்டு பேர் அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க. புழுவை விட நீங்க வேகம்கா."

வடிவுக்குப் பதில் வாயில் தயாராகத்தான் இருந்தது. எப்போதும் இருக்கும். கீழே சம்மணம் போட்டிருக்கும் பெண்ணும், கண் சொருகும் மனிதரும் நினைவுக்கு வர, அதை விழுங்கினாள். விழுங்கிப் பழக்கமில்லாததால் கஷ்டமாக இருந்தது.

"சரிம்மா. இன்னைக்குக் காலையிலேர்ந்து நான் கேட்டது எதுவும் என் வாயிலேர்ந்து வெளிய வராது. ஒரு வீட்டு விஷயமும். அவர் மேல சத்தியம்."

மெஹர் அவளை உற்றுப் பார்த்தாள். பெரிய விலை என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"கோகிலா அக்கா குடுத்தாங்க. நான்தான் டீச்சருக்குத் தள்ளினேன். எங்க வீட்டுல வைக்கத் தோணல, வீணாக்கவும் மனசு வரல. மருந்தை அனுப்பச் சொல்லுங்க. என் பெட்டி வேற மூணு வீட்டுக்கும் குடுத்திருக்கு. அவங்ககிட்ட நானே போய்ச் சொல்லிச் சம்மதம் கேக்குறேன்."

சொன்னபடி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். வடிவு கீழே வருவதற்குள் டீச்சரும் ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். மேலே பங்கஜத்தின் கரகரப்பும் கேட்டது. ஒருத்தி ஒத்துக்கொண்டால் அடுத்தவளுக்கு எளிதாகிவிடுகிறது. வீடு வீடாகச் சங்கடம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

கோகிலா வடிவின் பக்கத்து வீடு, சுவருக்கு அந்தப் பக்கம். வடிவு உரிமையோடு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கோகிலா, சுத்தி வளைக்கல. மெஹருக்கு நீ அனுப்பின தாம்பூலம் யார் குடுத்தது?"

கோகிலா விழித்தாள். "என்னக்கா, சோதிக்கிறீங்களா?"

"சொல்லும்மா. நேரமில்ல."

"நீங்கதான்கா குடுத்தீங்க."

"நானா?"

வடிவு எழுந்துவிட்டாள். மற்றவர்களைப் பற்றி அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லுவாள், ஆனால் தாம்பூலத்தில் அவளை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. வருடா வருடம் பெரிய கடைவீதிக்குப் போய்ப் புதுத் துணி வாங்குகிறவள். பெட்டித் தாம்பூலத்துக்குக்கூடத் தன் கையால் போட்ட கோலத்தைப் படமெடுத்து வைப்பவள். வந்ததைத் தள்ளிவிடுகிறவர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசக் கூடியவள்.

"நான் இந்த வருஷம் இன்னும் யாருக்குமே அனுப்பல!"

"உங்க பேர் போட்டுத்தான்கா வந்துச்சு. செவ்வாய்க்கிழமை. கோலமா இருக்கும்னு நினைச்சு... பிரிக்காம..." கோகிலாவின் குரல் தேய்ந்தது. "மன்னிச்சுக்குங்க அக்கா."

வடிவு மன்னிக்கிற நிலையில் இல்லை. தன் வீட்டுக்கு வந்து, நடுக்கூடத்தில் நின்று, "செல்லி, செவ்வாய்க்கிழமை என் பேர்ல யாருடி அனுப்பச் சொன்னது?" என்று கத்தினாள்.

செல்லி ஊர் சுற்றப் போயிருந்தது. கட்டிலில் தாயுமானவனின் கை உயர்ந்தது. இந்த முறை அவள் அதைப் பார்த்தாள்.

அவர் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். "நான்தான்."

"நீங்களா?"

"இந்த மெஷின் கம்பெனிக்காரன்... நவராத்திரி வாழ்த்துன்னு அனுப்பினான். இது வழியாத்தான் வந்துச்சு." தலைமாட்டைக் காட்டினார். மூச்சு வாங்கினார். "செல்லி கேட்டுச்சு. நீ மாடியில யார் வீட்டு வளைகாப்பையோ விசாரிக்கப் போயிருந்தே. கோகிலாவுக்குத் தள்ளுன்னேன். காலையிலேயே சொல்ல வந்தேன்."

நிரஞ்சனா நிமிர்ந்தாள். "மூச்சு இயந்திரமா? மருத்துவ இயந்திரத்துல இருந்து வர்றதைப் பெட்டி சந்தேகப்படவே படாது. நேரா உள்ள விட்டுடும்." பிறகு அவள் முகம் மாறியது. "அப்போ மருந்தையும் அதுலதான் விடணும் ஆன்ட்டி. செல்லி வேற யாருக்கும் கதவு திறக்காது."

"விடேன்."

"ஓடும்போது அது எதையும் வாங்காது. நிறுத்தி, செல்லியோட மறுபடி இணைச்சு, ஏத்தணும். எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியல. ஏத்தி முடிச்சதும் திரும்ப ஓடும்னுதான் நினைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது."

கொலுவில் செட்டியாரும் செட்டிச்சியும் கடையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில வேற மெஷின் குடுப்பாங்க," என்றாள் வடிவு. "அதுவரைக்கும் உங்களை நான் தூங்க விடமாட்டேன். கிள்ளிக்கிட்டே இருப்பேன்."

அவர் தலையை ஆட்டினார், முடியாது என்று. இமைகள் தாமாகவே இறங்கிக்கொண்டிருந்தன. பிறகு நிரஞ்சனாவைப் பார்த்து, "இதே வாழ்த்து... என்னை மாதிரி எத்தனை பேருக்குப் போச்சோ. அவங்களுக்கும் இதே மருந்துதானே?" என்றார்.

"ஆமா அங்கிள். இங்க வேலை செஞ்சா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். அவங்க பார்த்துப்பாங்க."

"அப்ப நிறுத்து."

வடிவு அவரைப் பார்த்தாள். மறுத்துப் பேச ஆயிரம் இருந்தது. அலமாரியைத் திறந்து, ஆஸ்பத்திரியில் பழக்கிக் கொடுத்திருந்த மூச்சுப் பையை எடுத்துவரப் போனாள். மின்சாரம் நின்றால் கையால் அழுத்துவதற்கென்று கொடுத்தது. இதுவரை உறையைக்கூடப் பிரித்ததில்லை.

"பொட்டலத்துக்குள்ள ஏதாவது வைக்கணும் ஆன்ட்டி. காலியா இருந்தா பெட்டி வாங்காது," என்றாள் நிரஞ்சனா பின்னாலிருந்து.

"எவ பிரிச்சுப் பார்க்கப் போறா? ஒரு கல்லு உப்பை வை!"

திரும்பி வந்தபோது தாயுமானவன் முகமூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிரஞ்சனா ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். இருந்த அவசரத்தில் வடிவு அதைக்கூட விசாரிக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அதுவரை விசாரிக்காமல் விட்டது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இயந்திரம் நின்றது. அதன் உர்ர் சத்தம் அவ்வளவு நாள் வீட்டில் இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

வடிவு பையை அழுத்தினாள். விட்டாள். அழுத்தினாள். அவர் மார்பு ஏறி இறங்கியது. வெகு சீக்கிரமே அவள் மணிக்கட்டு கடுக்கத் தொடங்கியது. நிரஞ்சனா தலை நிமிராமல் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்படாமலேயே திறந்தது. கோகிலா வந்தாள். அவள் பின்னால் மெஹர், ஸ்டெல்லா டீச்சர், கஷாய ஃபிளாஸ்கோடு பங்கஜம். செய்தி எப்படிப் போனது என்று வடிவு கேட்கவில்லை. போகும் வழிகள் அவளுக்குத் தெரியாதவையா?

"தள்ளுங்க அக்கா," என்று மெஹர் பையை வாங்கிக்கொண்டாள். அடுத்து டீச்சர் வாங்கினாள். பட்டுப்புடவையை முழங்கைக்கு மேல் ஏற்றிக்கொண்டு பங்கஜமும் அழுத்தினாள்.

தாயுமானவனின் கண்கள் மூடப் பார்த்தன. வடிவு கன்னத்தைத் தட்டினாள். அவர் அவளைப் பார்த்து, காதருகே விரலை வைத்து, பேசு என்று சைகை செய்தார். ஊர்க்கதை கேட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே முப்பத்தைந்து வருடமாகக் கேட்டவர்.

வடிவு வாயைத் திறந்தாள். அன்று காலை சேர்ந்தது போல் அவளிடம் ஒருநாளும் சரக்கு சேர்ந்ததில்லை. நான்கு வீட்டு ரகசியம், சுடச்சுட. மெஹர் அவளைப் பார்த்தாள். வடிவு வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்களேன், தூங்கப் போறார்!" என்றாள் கோகிலா.

"முடியாது. சத்தியம் பண்ணியிருக்கேன்."

பங்கஜம் கரகரத்த குரலில் கனைத்துக்கொண்டாள். "தாயுமானவன் சார், கேளுங்க. ஸ்டெல்லா டீச்சர் அனுப்பினதை நான் பாடின பாட்டுன்னு சொல்லி உங்க வீட்டுக்கே தள்ளினேன். எனக்குப் பத்து நாளாத் தொண்டையே இல்ல."

"அது என்னோடதே இல்ல பங்கஜம்!" டீச்சர் பையை அழுத்தியபடியே சிரித்துவிட்டாள். "மெஹர் குடுத்தது. பாவம், அந்தப் பொண்ணு ஆசையா..."

"நானும் பிரிக்கல டீச்சர்," என்றாள் மெஹர். "கோகிலா அக்கா குடுத்தது."

"எனக்கு இவர் குடுத்தது!" என்று கோகிலா கட்டிலைக் காட்டினாள்.

எல்லாரும் ஒரேயடியாகச் சிரித்ததில் டீச்சரின் கை தவறப் பார்த்தது. மெஹர் பிடித்துக்கொண்டாள். போன தீபாவளி முறுக்கு யார் வீட்டிலிருந்து கிளம்பி யார் வீட்டில் முடிந்தது, கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம் எத்தனை சுவர் பார்த்தது என்று அவரவர் வாயாலேயே வந்து விழுந்தது. தாயுமானவனின் கண்கள் அகலத் திறந்திருந்தன. வடிவு மட்டும் ஒரு சொல்லும் சொல்லாமல், அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏறிடுச்சு," என்றாள் நிரஞ்சனா. "இப்ப ஓடணும்."

பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் பேசவில்லை. மறுபடி அழுத்தினாள். யாரும் மூச்சு விடவில்லை, பை மட்டும் விட்டது. மெஹர் அழுத்துவதை நிறுத்தவில்லை. நிரஞ்சனா கம்பியைப் பிடுங்கி, துடைத்து, செருகி, மூன்றாம் முறை அழுத்தினாள்.

உர்ர்.

கூடத்து மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வடிவம்மா, ஐயாவுக்குக் காத்து கொஞ்சம் கூட்டட்டுமா?"

"கூட்டுடி," என்றாள் வடிவு. "கூட்டு, என் கண்ணு."

சாயந்திரம் விளக்கேற்றியபோது லிஃப்டு ஓடத் தொடங்கியிருந்தது. மூன்றாம் மாடிக் கதவும் திறந்தது. மருந்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று, அவர்கள் ஒவ்வொரு நோயாளியாக அழைத்து ஏற்றுகிறார்கள் என்று நிரஞ்சனா படிக்கட்டில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கையில் இரண்டு பொட்டலம் சுண்டல் இருந்தது. இரண்டாவது யாருக்கு என்று வடிவு கேட்கவில்லை. கேட்காமலிருந்ததில் நாக்கு அரித்தது.

உள்ளே தாயுமானவன் தூங்கினார். ஆழ்ந்த தூக்கம். மூச்சு தேயும்போதெல்லாம் ஊதல் சற்றே உயர்ந்து, பிறகு தணிந்தது. வடிவு பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வடிவம்மா," என்றது செல்லி, மெதுவான குரலில். "தாம்பூலம் வந்திருக்கு. பெயரட்டையில பங்கஜம்னு போட்டிருக்கு. பிரிக்கட்டுமா, வைக்கட்டுமா, யாருக்காவது கொடுக்கட்டுமா?"

மருந்து எல்லா வீட்டையும் சுற்றிவிட்டு வந்து சேர்ந்திருந்தது.

"யாராவது பிரிச்சாங்களா செல்லி?"

"இல்ல வடிவம்மா. பிரிச்ச அடையாளம் இல்ல."

"எவ பிரிப்பா?" வடிவு முணுமுணுத்தாள். உப்பைத்தானே வைத்திருப்பாள் அந்தப் பெண். இருந்தாலும் என்ன வைத்தாள் என்று தெரியாமல் எப்படி இருப்பது? நிரஞ்சனா அடக்கிக்கொண்ட அந்தச் சிரிப்பு வேறு. "பிரி. சத்தமில்லாம."

செல்லி பிரித்தது. முதலில் ஒரு இழுப்பு மூச்சு. பிறகு, முகமூடியில்லாமல், திக்கித் திக்கி, தாயுமானவனின் குரல்.

"இதைப் பிரிச்சது நீயாத்தான் இருக்கும் வடிவு. இந்த அடுக்ககத்துல... வேற எவளுக்கும் இவ்வளவு ஆசை கிடையாது. நான் முழிச்சுக்கிட்டதும்... நடந்ததை எல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லு."

வடிவு கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தூக்கத்திலும் சிரிப்பது போல்தான் இருந்தது. முகமூடிக்குள் என்ன தெரியும்?

"யாருக்காவது கொடுக்கட்டுமா வடிவம்மா?" என்றது செல்லி.

"கொடுக்கக் கூடாது. உள்ள வை." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த அட்டையில பங்கஜம்னு இருக்கிறதை அழி. அவர் பேரைப் போடு."